கோபம் முடிந்த பிறகு

திருகோணமலை பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு நேரம் சொல்லும் கூண்டுக்குள் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று வெளியூர்ச் சனம் நெடுநாளாக நினைத்திருந்தது. ஒருத்தி ஒலிபெருக்கியில் பேசுகிறவள். "மூதூர் போகும் பிரயாணிகளின் அன்பான கவனத்துக்கு" என்று அவள் தொடங்கினால், மூட்டையும் பிள்ளையுமாக ஓடி வருகிறவர்கள்கூட நடையைக் குறைத்துக்கொள்வார்கள். மற்றவள் ஏசுகிறவள். பஸ்ஸைக் குறுக்கே விட்ட சாரதி, வெற்றிலை துப்பிய நடத்துநர், ஒட்டி வைத்த நேரசூசித் தாளைத் தின்ன வந்த, நகருக்குள் திரியும் மான், ஒருவரையும் அவள் விட்டுவைப்பதில்லை. உண்மையில் உள்ளே இருந்தது றோஸ் ஒருத்திதான். ஏச வேண்டி வரும்போது இடது கையால் மைக்கைப் பொத்திக்கொள்வாள். பதினொரு வருடத்தில் அந்தக் கை ஒருநாளும் பிந்தியதில்லை.

ஆடி மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், கூண்டுக்கு எதிரே ஓர் இளம்பெண் வந்து நிற்கத் தொடங்கினாள். கறுப்பு அபாயா, தோளில் கணினிப் பை. மூன்று நாளும் ஒரு மணித்தியாலம் நின்று, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் றோஸ் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்கள்? மூண்டு நாளா ஒண்டிலயும் ஏறேல்லை."

"பஸ்ஸுக்கு இல்ல அக்கா. உங்கட குரலுக்குத்தான் நிக்கிறன்."

பெயர் ரிஸ்லா, ஊர் கிண்ணியா. உளவியல் படித்தவள். நிருபன் என்ற கணினிக்காரப் பையனோடு சேர்ந்து, உட்துறைமுக வீதியில் ஒரு சின்னக் கம்பனி தொடங்கியிருந்தாள். போனில் பாவிக்கிற ஒரு செயலி செய்கிறார்கள், பெயர் 'தணிவு'. கோபமோ பயமோ கவலையோ, எது மனதில் ஏறினாலும் அதைத் திறந்தால் போதும். நாலு கேள்வி கேட்டு, மூச்சை ஒழுங்காக்கி, பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க உதவும். எல்லாம் சரி, குரல்தான் சரிவரவில்லை. கொழும்பில் இரண்டு அறிவிப்பாளர்களைப் பிடித்துப் பதிந்து பார்த்தார்கள். ஒன்று நகைக்கடை விளம்பரம்போல இருந்தது. மற்றதைக் கேட்ட பத்துப் பேரில் ஆறு பேர், தங்களைப் பொலிசில் விசாரிக்கிறமாதிரி இருக்கிறது என்றார்கள்.

றோஸுக்குச் சிரிப்பு வந்தது. "என்னைப் பற்றி ஆரிட்டயும் கேட்டுப் பாத்தனீங்களோ? கோவத்துக்கு இந்த பஸ் ஸ்ராண்டில எனக்குத்தான் முதலாமிடம்."

"குரலுக்குக் கோவம் இல்லையே அக்கா."

அன்று சாப்பாட்டு நேரத்தில் றோஸ் இதைக் கணவன் கிறிஸ்தோபரிடம் சொன்னாள். கிறிஸ்தோபர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை செய்கிறவர். நாளுக்கு இருபது சொல் பேசினால் அதிகம். சிரிப்பது அதைவிடக் குறைவு. அவர் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். றோஸ் கையைக் கழுவிவிட்டு நேரே போனை எடுத்து ரிஸ்லாவிடம் சொன்னாள்: "நாளைக்கு வாறன்."

கம்பனி இருந்தது போட் எஞ்சின் திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில். "மூச்சை மெதுவாக உள்ளே…" என்று றோஸ் சொல்லும்போதெல்லாம் கீழே யாரோ எஞ்சினை இழுத்து முடுக்கிப் பார்த்தார்கள். அரை நாள் இப்படிப் போனபின் நிருபனுக்கு ஒரு யோசனை வந்தது. கட்டட உரிமையாளர் மீன் வியாபாரி. அவருடைய ஐஸ் லொறி பகல் முழுக்கப் பின்வளவில் சும்மா நின்றது. தடித்த சுவர்; கதவைச் சாத்தினால் வெளியுலகம் இல்லை. ஒரேயொரு குறை, பதினைந்து நிமிடத்துக்கொருமுறை கதவைத் திறந்து காற்று வாங்க வேண்டும். இரண்டாவது குறை பாரைமீன் மணம். மூன்று பேரும் மூன்று பிளாஸ்ரிக் கதிரையோடு உள்ளே ஏறினார்கள்.

அங்கேதான் முதல் சண்டை வந்தது. நிருபன் எழுதித் தந்த தாளில், "உங்கள் உணர்வுகளின் பார்வையாளராக மாறுங்கள்" என்று இருந்தது.

"தம்பி, இப்பிடி ஆர் ஆரோட கதைக்கிறது?"

"உலகம் முழுக்க இப்பிடித்தான் அக்கா பாவிக்கிறாங்கள்."

"உலகம் பாவிக்கட்டும். எங்கட சனம் பாதியில இறங்கிப் போயிடும்."

நிருபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரிஸ்லா தாளை வாங்கி மடித்தாள். "அக்கா, வீட்டில ஆரோ மனம் சரியில்லாம வந்து உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறாங்க எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. என்ன சொல்லுவீங்க?"

றோஸ் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய்ச் சொன்னாள். "முதல்ல ஒரு கதிரையில இருங்கோ. கதிரை இல்லாட்டி நிலத்தில. காலைக் கொஞ்சம் நீட்டுங்கோ. தண்ணி கிண்ணி குடிச்சனீங்களோ? சரி. இப்ப ஒரு மூச்சு எடுங்கோ, பிறகு விடுங்கோ. அவசரப்படாதேங்கோ, இது போனால் இன்னொரு பஸ் இருக்கு."

கடைசி வரி பழக்கத்தில் வந்து விழுந்தது. றோஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதை வெட்டிவிடலாம் என்று நிருபன் வாயெடுக்க, ரிஸ்லா ஒரு விரலை உயர்த்தி அவனை நிறுத்தினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. மீன் மணத்தாலோ என்று றோஸ் முதலில் நினைத்தாள்.

ஐப்பசியில் 'தணிவு' வெளியே வந்தது. முதல் வாரம் முந்நூறு பேர் பாவித்தார்கள், பெரும்பாலும் ரிஸ்லாவின் சொந்தக்காரர். பிறகு மட்டக்களப்புக்குப் போனது, யாழ்ப்பாணத்துக்குப் போனது, கனடாவில் பனிக்குள் வேலைக்குப் போகிற பெண்கள் காதில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். "இன்னொரு பஸ் இருக்கு" என்பதை ஆட்கள் தங்களுக்குள் சொல்லத் தொடங்கினார்கள். பஸ் நிலையத்தில் சனம் கூண்டுக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "நீங்கள்தானே அது" என்று கேட்டது. வங்கியில் வேலை செய்யும் ஒரு பெடியன், மேலாளர் ஏசுகிற நாளில் கழிவறைக்குள் போய் அவளைக் கேட்பதாகச் சொன்னான். றோஸுக்கு அது பெருமையா இல்லையா என்று தெரியவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தனக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டாள்.

வினை வேறு பக்கத்தால் வந்தது. அவள் மைக்கைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தாலே போதும், சாரதிமார், "றோஸக்கா, மூச்சு, மூச்சு" என்றார்கள். பஸ்ஸைக் குறுக்கே விட்டவன் இறங்கி வந்து, "முதல்ல கதிரையில இருங்கோ" என்றான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளால் என்ன செய்ய ஏலும்? ஏசினால், ஊருக்குத் தணிவு சொல்பவள் ஏசுகிறாள் என்பார்கள். ஆகவே விழுங்கினாள். மூன்று வாரம் ஒருவரோடும் சண்டையில்லை. வயிற்றில் வாய்வு ஏறியது. இஞ்சித் தேத்தண்ணி குடித்தும் இறங்கவில்லை. கிறிஸ்தோபர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலோ?" என்று கேட்டார்.

கார்த்திகை மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்று. மழை தூறிக்கொண்டிருந்தது. பத்து நாற்பது மூதூர் பஸ்ஸை வழக்கம்போல அறிவித்தாள். பத்து நாற்பதுக்கு மூதூர் பஸ் இல்லை. அது பத்து இருபதுக்கே போய்விட்டிருந்தது. பதினைந்து பேர் குடையும் பையுமாகக் கூண்டைச் சூழ்ந்துகொண்டார்கள். சம்பூரில் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"உங்களை நம்பித்தானே டீ குடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றாள்.

மற்றவர்கள் கத்தியதைவிட அதுதான் றோஸைச் சுட்டது.

அந்த பஸ்ஸின் நடத்துநர் தாஹிர், மூதூர்க்காரர். ஐம்பத்தைந்து வயது, ஒழுங்கான மனிதர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் தாஹிர் நானா. பகல் ஒரு மணிக்குத் திரும்பி வந்து, ரிக்கற் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூண்டுப் பக்கம் நடந்து வந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. றோஸுக்கு அவர் முகத்தைக் கண்டதும் மூன்று வாரக் கோபமும் ஒன்றாக எழும்பியது. கை மைக்குக்குப் போகவில்லை.

"நானா, உங்களுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாதோ?" என்று தொடங்கியது. பஸ் நிலையம் முழுக்கக் கேட்டது. மணிக்கூட்டிலிருந்து ஹோர்னுக்குப் போய், ஹோர்னிலிருந்து போன வருடத்து ஒரு சங்கதிக்குப் போய், கடைசியில் அவர் முகத்தில் வந்து நின்றது. "தாடிக்கு மை பூச நேரம் இருக்கு, பதினைஞ்சு சனத்தை ஏத்த நேரம் இல்லையோ?"

மீன் சந்தைப் பக்கம்வரை ஒலிபெருக்கி போகும். தாஹிர் நானாவின் கை தாடிக்குப் போனது. போட்ட சாயத்துக்குக் கீழே அரை அங்குலம் வெள்ளை வளர்ந்திருந்தது. கையைச் சட்டென்று இறக்கி, திரும்பி பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டார்.

யாரோ படம் பிடித்திருந்தார்கள். பின்னேரத்துக்குள் அது எல்லார் போனிலும் வந்துவிட்டது. முதலில் "காலைக் கொஞ்சம் நீட்டுங்கோ" என்ற குரல், உடனே "தாடிக்கு மை பூச நேரம் இருக்கு" என்ற குரல். அழகாக ஒட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை கூண்டைக் கூட்டும்போது, றோஸின் சுடுதண்ணிப் போத்தலுக்கு அடியில் ஒரு கடதாசி கிடந்தது. தேத்தண்ணி வட்டம் படிந்த கடதாசி. செவ்வாய்க்கிழமை தொடக்கம் மூதூர் பஸ் பத்து இருபதுக்குப் புறப்படும் என்று பஸ் சங்கத்திலிருந்து வந்த அறிவித்தல். வெள்ளிக்கிழமை அதைப் பெற்றுக்கொண்டதற்கு இட்ட கையெழுத்தும் அவளுடையதுதான். அவள் அதை இரண்டுமுறை வாசித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். பத்து மணிக்கு ரிஸ்லா கூப்பிட்டு அனுப்பினாள்.

மேல்மாடியில் நிருபன் நடந்துகொண்டிருந்தான். "நாற்பதாயிரம் பேர் பாத்திட்டாங்கள் அக்கா. பள்ளிக்கூடங்களுக்குத் தணிவைக் கொண்டுபோறம் எண்டு சொன்ன கொழும்பு ஆக்கள் விளக்கம் கேக்கிறாங்கள்." அவன் கணினியில் எதையோ தட்டினான். "ஒரு வழி இருக்கு. இது மெஷின் குரல். கேட்டுப் பாருங்கோ."

றோஸ் கேட்டாள். பிழையில்லாத, வழுக்கிக்கொண்டு போகிற ஒரு பெண்குரல்.

"நல்லாத்தான் கதைக்குது" என்றாள். "இதுக்கு ஆரோடையும் சண்டையும் வராது."

"வேணாம் நிருபன்" என்றாள் ரிஸ்லா. "அக்கா, நீங்க ஒரு சின்ன மன்னிப்புப் பதிஞ்சு தந்தா, பாவிக்கிற எல்லாருக்கும் போடுவம். அது போதும்."

சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்த றோஸ் கைப்பையைத் திறந்து அந்தக் கடதாசியை மேசையில் வைத்தாள். "பிழை என்ரதான். தாஹிர் நானா சரியான நேரத்துக்குத்தான் எடுத்தவர். ஆனா நான் கனடாவில இருக்கிற ஆக்களுக்கு ஏசேல்லையே. அவையிட்ட ஏன் மன்னிப்புக் கேக்க வேணும்? ஏசினது நானாவுக்கு." அவள் கடதாசியை விரலால் தட்டினாள். "நான் ஒருநாளும் ஆரிட்டயும் கேட்டதில்லை. எப்பிடிக் கேக்கிறது எண்டு தெரியாது. உங்கட தணிவில அது எங்க இருக்கு? எடுத்துக் காட்டுங்கோ."

நிருபன் போனை எடுத்து விரலால் தள்ளினான். கோபம் வருவதற்கு முன் என்று ஒரு பகுதி இருந்தது. கோபம் வரும்போது என்று இன்னொன்று. மறுபடி மேலே தள்ளிப் பார்த்தான்.

"வந்து முடிஞ்ச பிறகு?" என்றாள் றோஸ்.

கீழே ஒரு எஞ்சின் இருமிவிட்டு நின்றது. "அதை நாங்க யோசிக்கவே இல்ல அக்கா" என்றாள் ரிஸ்லா.

வியாழக்கிழமை றோஸ் லீவு போட்டுவிட்டு, பத்து இருபது மூதூர் பஸ்ஸில் ஏறி முன் சீற்றில் உட்கார்ந்தாள். தாஹிர் நானா ரிக்கற் கிழித்துக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்தும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. சாயம் இருந்த நுனியை வெட்டி எறிந்திருந்தார்.

"எங்க?"

"மூதூர்."

கிழித்துத் தந்துவிட்டுப் போய்விட்டார். சீனக்குடா தாண்டும்போது பக்கத்தால் வந்தவரிடம், "நல்ல மழை என்ன நானா" என்றாள். "ஓம்" என்றார், போனார். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது, "அண்டைக்கு அந்தக் கடதாசி…" என்று தொடங்கினாள். எதிரே வந்த லொறிக்குச் சாரதி ஹோர்ன் அடித்ததில் மிச்சம் அடிபட்டுப் போனது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் சேற்று நிறத்தில் ஓடியது. வேறு யாராவது இந்த நிலையில் தன்னிடம் வந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மூதூரில் எல்லாரும் இறங்கினார்கள். றோஸ் மட்டும் இருந்தாள்.

"மூதூர் வந்திட்டு" என்றார் அவர்.

"தெரியும் நானா." எழுந்து நின்றாள். சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நேரம் மாறினதை எனக்கு எழுதித் தந்தவை. நான் பாக்கேல்லை. பிழை என்ரது. அதைவிட, உங்கட தாடியைப் பற்றிச் சொன்னன். ஊர் கேக்கச் சொன்னன். அது கூடாத கதை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தாஹிர் நானா வெறும் பஸ்ஸுக்குள் எதிர்ச் சீற்றில் உட்கார்ந்தார். ரிக்கற் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏசினது பெரிசில்ல தங்கச்சி. நீங்க ஏசுறது எங்களுக்கெல்லாம் பழகின சங்கதி. மகளுக்குக் கலியாணம் பேசி இருக்கு. மாப்பிள்ளை வீட்டாக்கள் வரக்குள்ள வாப்பா கிழவனாத் தெரியக்கூடா எண்டு மகள்தான் பூசிவிட்டவ. அந்தப் புள்ளை வீடியோவப் பாத்துப்போட்டு ரெண்டு நாளா அழுகுது. தன்னாலதான் எண்டு."

றோஸ் கம்பியை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். "நான் வந்து பிள்ளையோட கதைக்கட்டோ? மாப்பிள்ளை வீட்டுக்கும் வாறன்."

"வேணாம், வேணாம்" என்று தாஹிர் நானா பதறி எழும்பினார். "அங்க ஒண்டும் வேணாம். நீங்க சொன்னதை நான் மகளுக்குச் சொல்லுறன்." வாசற்படியில் நின்று இன்னொன்றும் சொன்னார். "மன்னிச்சிட்டன் எண்டு இப்ப சொன்னா அது வாய்ச்சொல்லு. கொஞ்ச நாள் போகட்டும்."

அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். ஒன்பது நாள் அவர் கூண்டைத் திரும்பிப் பார்க்காமல் போய்வந்தார். பத்தாம் நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "இண்டைக்கு நேரமெல்லாம் சரியா?" என்று கேட்டார். றோஸ் கடதாசியைப் பார்த்து வாசித்துக் காட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டதாகவும் போகிற போக்கில் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தாடியே முளைக்காதாம்.

அந்தப் பத்து நாளுக்குள் றோஸ் மறுபடி ஐஸ் லொறிக்குள் ஏறியிருந்தாள். இந்தமுறை தாள் இல்லை. நிருபன் தானே வேண்டாம் என்றான். நடந்ததை அப்படியே சொன்னாள், தாஹிர் நானாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. "போனில கேக்காதேங்கோ, நேரில போங்கோ. முதல்ல மழையைப் பற்றிக் கதைக்காதேங்கோ, நான் கதைச்சு ஒரு பிரியோசனமும் இல்லை. 'ஆனா' எண்டு ஒரு சொல் வாயில வரும், அதை விழுங்குங்கோ. நீங்கள் செய்தது என்ன எண்டு நீங்களே சொல்லுங்கோ. மன்னிக்கிறதும் விடுறதும் அவையின்ர பாடு." காற்று வாங்கக் கதவைத் திறந்தபோது, எஞ்சின் கடைக்காரர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வெளியே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

வீடியோவைப் பார்த்துச் சிரித்த சனம் இதையும் தேடிக் கேட்டது. கொழும்புக்காரர் இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்தப் பகுதியைச் சிங்களத்திலும் செய்ய முடியுமா என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள். நிருபன் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினான். அதன்பிறகு அவன் எழுதுகிறதை எல்லாம் முதலில் றோஸுக்கு வாசித்துக் காட்டினான். பாதியை அவள் வெட்டினாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்து றோஸ் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கிறிஸ்தோபர் போனைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோவன்."

"மழையைப் பற்றிக் கதைக்கக் கூடாதெண்டு இதில சொல்லுறாய். அதால நேர சொல்லுறன். உன்ர கிளி தானாக் காணாமப் போகேல்லை. நான்தான் கூட்டைத் திறந்துவிட்டனான்."

றோஸ் கத்தியைக் கீழே வைத்தாள். ஏழு வருடத்துக்கு முந்திய கிளி. அவள் வளர்த்தது, அவளிடமே பேசப் பழகியது.

"விடிய நாலரைக்கு 'மூதூர், மூதூர்' எண்டு கத்தும்" என்றார் கிறிஸ்தோபர். "வேலையால வந்து நான் அப்பதான் கண்ணை மூடுறது." அதற்கு மேலே ஒரு சொல் அவர் வாயில் வந்தது தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டார். "நான் செய்தது பிழை."

அவளுக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. நாலு வசனம் ஏசினாள். ஐந்தாவதில் வேறொன்று நினைவு வர அப்படியே நின்றுவிட்டாள். கிளியைத் தின்றது பக்கத்து வீட்டு இராசதுரையின் பூனை என்று சொல்லி, வேலிக்கு மேலால் அவள் ஏசிய ஏச்சில் இரண்டு வீடும் ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"வாங்கோ" என்றாள் கணவனிடம்.

"எங்க?"

"நீங்களும் வரத்தான் வேணும்."

இராசதுரை ஓய்வுபெற்ற தபால்காரர். படலையில் அவர்கள் இருவரையும் கண்டு, பேப்பரை மடிக்காமலே எழுந்து வந்தார். றோஸ் கையிலிருந்த மீன் செதிலைச் சேலையில் துடைத்தாள்.

"அண்ணை, உங்கட பூனை என்ர கிளியைத் தின்னேல்லை. திண்டது எண்டு நான் சொன்னது பிழை. உங்களைக் கள்ளப் பூனை வளக்கிறவர் எண்டும் சொன்னன், அதுவும் பிழை. கூட்டைத் திறந்துவிட்டது இவர்."

இராசதுரை கிறிஸ்தோபரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அது தின்னேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் தங்கச்சி. மீனைக்கூட முள் எடுத்துக் குடுத்தால்தான் தின்னும். நீங்கள் என்னைச் சொல்ல விட்டால்தானே."

"பூனை இருக்கோ?"

"கிழவியாப் போச்சு. உள்ள படுத்திருக்கு. பாக்கிறீங்களோ?"

அவர் படலையைத் திறந்துவிட்டார். றோஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கிறிஸ்தோபர் போவதா நிற்பதா என்று தெரியாமல் வெளியே தயங்க, இராசதுரை கதிரை ஒன்றை அவர் பக்கம் தள்ளி, "நீயும் வந்து இரு, பிளேன்ரீ போடுறன்" என்றார்.